மரத்துக்கு உண்டு, மனிதனுக்கு?

வேலை பார்த்துக்கொண்டே வணிக நிர்வாக முதுகலை படிக்கும் ஒருவர், தாம் கட்டும் கல்விக் கட்டணத்தைத் தம் வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி செலுத்தலாமா என்று கேட்டால், மலேசிய வருமான வரிச் சட்டம் இரண்டு வாயால் விடை சொல்லுகிறது. ஒரு வாய் "கூடாது" என்கிறது. மற்றொரு வாய் "கூடாதுதான், ஆனாலும் ஏதோ கொஞ்சம் பார்த்துப் போடுகிறேன்" என்கிறது. இவ்விரண்டு விடைகளுக்கும் நடுவே இலாபம் அடைகிறவன் யார், ஏமாந்து நிற்கிறவன் யார் என்பதையே இன்று நாம் விசாரிக்கப் புகுகிறோம். வரி என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று தோட்டத்து அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். வரி கட்டாதவனுக்கு வரிச் சட்டத்தைப் பற்றி என்ன கவலை என்ற நம்மவர் எண்ணமே, அச்சட்டத்தைப் பிறர் தத்தம் வசதிக்குத் தக்கபடி எழுதிக்கொள்ள இடங்கொடுத்தது.

மலாயாவில் வருமான வரி வேரூன்றிய வரலாறு நீண்டதன்று. 1947-இல் சட்டம் இயற்றி, 1948 சனவரி முதல் வசூலிக்கத் தொடங்கினர். அன்று அதை எதிர்த்துக் கூச்சலிட்டவர்கள் தோட்ட முதலாளிகளும் வணிகப் பெருமக்களுமே. நாள் கூலிக்குப் பால் வெட்டியவனுக்கும் அவ்வரிக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. பின்னர் 1967-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் எழுதப்பட்டு, 1968-இல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் நம்மை ஆள்வது அச்சட்டமே. அதன் 33-ஆம் பிரிவு, வருமானத்தை ஈட்டுவதற்காகவே முழுமையாகச் செய்யப்பட்ட செலவை மட்டுந்தான் கழிக்கலாம் என்று கூறுகிறது. 39-ஆம் பிரிவு, வீட்டுச் செலவும் சொந்தச் செலவும் கழிவாகா என்று கதவைச் சாத்துகிறது. படிப்பு எந்தப் பக்கம்? சொந்தச் செலவின் பக்கம் என்பதே வரிக்காரர்களின் தீர்ப்பு. பால்வெட்டும் கத்தியைத் தீட்டும் செலவு தொழிற்செலவாம்; கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் செலவு சொந்தச் செலவாம்!

இந்த நியாயம் இங்கு முளைத்ததன்று, இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. 1962-இல் அந்நாட்டு நீதிமன்றத்தில் ஹம்பிள்ஸ் எதிர் புரூக்ஸ் என்றொரு வழக்கு நடந்தது. ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், தாம் கற்பிக்கும் வரலாற்றுப் பாடத்தில் அறிவை வளர்த்துக்கொள்ள வார இறுதிகளில் விரிவுரை கேட்கப் போனார். அந்தச் செலவைக் கழிக்க வேண்டினார். முடியாது என்றது நீதிமன்றம். பாடம் நடத்துவது அவர் கடமை, பாடம் நடத்தத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்வது கடமையைச் செய்வது ஆகாது என்பது அதன் தர்க்கம். அங்குள்ள சட்டத்தின் சொற்கள் நம் சட்டத்தைவிட இன்னும் குறுகியவை என்பது உண்மை. ஆனால் மூச்சு ஒன்றுதான். சோறு பொங்கும் அடுப்புக்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டியதில்லை என்று வாதிடும் மூச்சு அது.

அமெரிக்காவில் கொஞ்சம் தாராளமாக நினைத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஏற்கெனவே செய்துவரும் தொழிலில் திறமையை வளர்க்கும் கல்வியானால் கழிக்கலாம், புதிய தொழிலுக்குள் நுழைவிக்கும் கல்வியானால் கழிக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஒரு செவிலியர், தாம் படித்த வணிக நிர்வாக முதுகலைக்கான செலவைக் கழித்துக்கொண்டார். வரி அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த அம்மையார் வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாமல் தாமே வரி நீதிமன்றத்தில் வாதாடி 2009-இல் வென்றார். பட்டம் பெறுவதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தது ஒரே வேலைதான் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் சம்பளக்காரர்களுக்கு அந்த வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. 2017-இல் இயற்றிய சட்டத்தால் 2018 முதல் அது அடைக்கப்பட்டது. 2025-இல் நிலையாகவே பூட்டப்பட்டது. சொந்தமாகத் தொழில் நடத்துகிறவனுக்கு மட்டும் அங்கே இன்னும் வழி இருக்கிறது. முதலுள்ளவன் கல்வி கற்றால் அது செலவு. சம்பளக்காரன் கல்வி கற்றால் அது ஆசை! தேசம் எதுவானாலும் நியாயம் ஒன்றுபோலவே இருக்கக் காண்கிறோம்.

நிற்க. நம் மலாக்காவுக்கு வருவோம்.

இந்நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் முதன்முதல் பயிரிடப்பட்ட மண் நம்முடையது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சிறிய அளவில் மரம் நட்டுப் பார்த்தார். பிறகு அசகானில் பேரளவில் நட்டார். அதன் பின்னே லண்டன் கம்பெனிகள் வந்தன. கம்பெனிகளின் பின்னே கங்காணிகள் வந்தார்கள். கங்காணிகளின் பின்னே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வந்தார்கள். ஜாசினிலும், அலோர் காஜாவிலும், மெர்லிமாவிலும், டுரியான் துங்காலிலும் காட்டை அழித்து மரத்தை வளர்த்தவர்கள் அவர்கள். இன்று பால்மரம் பெரும்பாலும் போய்ச் செம்பனை நிற்கிறது. மரங்கள் மாறின, துரைமார்கள் மாறினார்கள், லயங்கள் பல இடிந்தன. சட்டம் மட்டும் மரத்தின் மேல் வைத்த அன்பை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த அன்பு எத்தகையது என்று கேளுங்கள். ஒரு தோட்டக் கம்பெனி, வயதான மரத்தை வெட்டிவிட்டு அதே இனத்து மரத்தை மறுநடவு செய்தால், அச்செலவு வருமானத்திலிருந்து கழிக்கத் தக்கது. புதிதாகக் காட்டைத் திருத்தி நட்டாலோ, அந்தச் செலவை ஆண்டுக்குச் சரிபாதியாக இரண்டே ஆண்டுகளில் கழித்துவிடலாம். தோட்டத்துக்குள் சாலை போட்டாலும் அப்படியே. தொழிலாளி குடியிருக்க வீடு கட்டினால் ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வீதம் ஐந்தாண்டில் முழுவதும் கழிகிறது. இவற்றை நாம் தவறென்று சொல்லவில்லை. மரம் ஏழாண்டு நின்றுதான் பால் தரும். அதுவரை முதல் போட்டவன் காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பை அரசாங்கம் மதிக்கிறது. நல்லதே.

ஆனால் அந்த மரத்தின் அடியில் பிறந்தவன் தன்னையே மறுநடவு செய்துகொள்ளப் புறப்பட்டால்? தாய் வாளி தூக்கினாள்; மகன் பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறான்; இரவில் படித்து நிர்வாகியாக விழைகிறான். அவனும் மூன்றாண்டு, நான்காண்டு பலன் காணாமல் காத்திருக்கிறான். அவனும் முதல் போடுகிறான். அதுவும் கையில் இருந்த முதலன்று, கடன் வாங்கிய முதல். நாளை அவன் சம்பளம் உயர்ந்தால் அந்த உயர்வின் மேல் வரி வாங்கிக்கொள்ள அரசாங்கம் தவறப் போவதில்லை. பழத்தின் மேல் வரி உண்டு, விதையின் விலைக்குக் கழிவில்லை என்பது மரத்தின் விஷயத்தில் செல்லாத நியாயம். மனிதன் விஷயத்தில் மட்டும் அது எப்படிச் செல்லுபடியாகிறது?

"இல்லை, சலுகை கொடுத்திருக்கிறோமே!" என்று அதிகாரிகள் கூறுவார்கள். ஆம், கொடுத்திருக்கிறார்கள். இதுதான் நாம் முன்னே சொன்ன இரண்டாவது வாய். சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் சொந்தக் கல்விக்குச் செலுத்திய கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளலாம். முதுகலையும் முனைவர் பட்டமும் எத்துறையாயினும் சரி. ஆகவே வணிக நிர்வாக முதுகலைக்கு இது உண்டு. கல்விக்கூடம் மலேசியாவில் இருந்து, அரசாங்க அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கட்டணத்துக்கு மட்டுமே, பேருந்துக் காசுக்கும் விடுதி வாடகைக்கும் இல்லை. 2016 முதல் இந்த 7,000 வெள்ளி அப்படியே நிற்கிறது. கட்டணங்கள் அப்படியே நின்றனவா என்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களைக் கேளுங்கள்.

இந்தச் சலுகைக்குள் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. முதுகலைக்குக் கீழே உள்ள படிப்பானால், எல்லாத் துறைக்கும் சலுகை கிடையாது. சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதியியல், தொழில்நுட்பம், தொழிற்பயிற்சி, அறிவியல் போன்ற சில துறைகளுக்கே உண்டு. வணிக நிர்வாகம் அந்தப் பட்டியலில் இல்லை. இதன் பொருள் என்ன? ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று, மேலாளர் நாற்காலியில் அமர்ந்து, இரண்டாவது பட்டமாக வணிக நிர்வாக முதுகலை படிக்கிறவருக்குச் சலுகை உண்டு. பள்ளிப் படிப்போடு கடையில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதில் விழித்துக்கொண்டு, அதே வணிக நிர்வாகத்தில் முதற் பட்டமோ டிப்ளோமாவோ மாலை நேரத்தில் படிக்கிறவனுக்கு அது கிடையாது. தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்துகொண்டு தமிழில் இளங்கலை படிக்கும் பெண்ணுக்கும் கிடையாது. மேல்மாடியில் விளக்கேற்றி வைத்துவிட்டுக் கீழ்ப்படியை இருட்டில் விட்ட வீடு இது. முதற்படியே ஏறாதவனிடம் மேல்மாடி வெளிச்சத்தைக் காட்டி, "பார், எவ்வளவு பிரகாசம்!" என்றால் அவன் என்ன செய்வான்?

சலுகையின் பலன் எவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 மதிப்பீட்டாண்டின் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. சேமநிதி போக ஆண்டுக்கு 37,333 வெள்ளி வரை ஈட்டும் தனியாளுக்கு வரியே இல்லையாகையால், இவருக்கு வரி இல்லை. வரி இல்லாததால் சலுகையும் இல்லை. இவர் தம் பசியைக் கட்டிப்போட்டு 7,000 வெள்ளி கல்விக் கட்டணம் செலுத்தினாலும் திரும்பி வருவது ஒரு காசும் இல்லை. அடுத்து, மற்றக் கழிவுகளெல்லாம் போக 30,000 வெள்ளி வரிக்குட்பட்ட வருமானமுள்ள ஓர் எழுத்தர். இவருக்கு வரி 450 வெள்ளி; 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்குள்ள 400 வெள்ளித் தள்ளுபடி போக, கட்ட வேண்டியது 50 வெள்ளி. 7,000 வெள்ளிச் சலுகையால் அந்த 50 மிஞ்சுகிறது. அவ்வளவுதான். மூன்றாமவர் 1,20,000 வெள்ளி வரிக்குட்பட்ட வருமானமுள்ள பெரிய அலுவலர். அவருடைய மேல்வரி நூற்றுக்கு 25. எனவே மிச்சம் 1,750 வெள்ளி. இருபது இலட்சத்துக்கு மேல் ஈட்டும் கோமானுக்கோ நூற்றுக்கு 30. அவருக்கு மிச்சம் 2,100 வெள்ளி.

ஒரே படிப்பு; ஒரே கல்லூரி; ஒரே கட்டணம். கோமானுக்கு 2,100, அலுவலருக்கு 1,750, எழுத்தருக்கு 50, தொழிலாளிக்குச் சுன்னம்! கோயிலில் பிரசாதம் வழங்குகிறவன், கொழுத்தவனுக்கு ஓர் உருண்டையும் மெலிந்தவனுக்கு ஒரு பருக்கையும் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? சட்டப் புத்தகத்துக்குள் நடப்பதால் நாம் சும்மா இருக்கிறோம்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நம் குடும்பங்களில் கல்விக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? படிக்கிறவனின் பையிலிருந்தா? அக்காளின் சம்பளத்திலிருந்து வருகிறது. பதினெட்டு வயதில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய அக்காள், இரவு முறை வேலை செய்து, தன் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுத் தம்பியின் கட்டணத்தைக் கட்டுகிறாள். "அக்கா, இந்தத் தவணையை மட்டும் கட்டிவிடு, வேலை கிடைத்ததும் தந்துவிடுகிறேன்" என்று அவன் சொல்கிறான். "போடா, நீ படி" என்கிறாள் அவள். இந்தச் சம்பாஷணை நடக்காத தமிழ்க் குடும்பம் அரிது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அக்காள் என்றொரு உறவே இல்லை! சொந்தப் படிப்புக்குச் சொந்தப் பணம் கட்டினால்தான் சலுகை. பெற்றோருக்காவது, பதினெட்டு வயது கடந்து மேற்படிப்பு முழுநேரமாகப் படிக்கும் மணமாகாத பிள்ளைக்கு 8,000 வெள்ளி உண்டு. அக்காள் கட்டினால் அவளுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. குடும்பம் என்றால் அப்பன், அம்மை, பிள்ளை என்ற மூவரே என்று எண்ணும் நாட்டாருக்கு வேண்டுமானால் அச்சட்டம் பொருந்தும். லயத்தில் ஒரே கூரையின்கீழ் ஒன்பது பேர் உண்டு வளர்ந்த நமக்கு அது எவ்வாறு பொருந்தும்?

கடன் வாங்கிப் படிப்பவர் நிலையும் இதுவே. 1997-இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனைப் பட்டம் பெற்ற பிறகு பல ஆண்டுகள் மாதாமாதம் திருப்பிச் செலுத்துகிறார்கள். வரி கட்டத் தொடங்கும் காலமும் அதுவே. ஆனால் அந்தத் தவணைக்கு வரிச் சலுகை இல்லை. இந்தியாவில் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள், உயர்கல்விக் கடனுக்கான வட்டியை உச்சவரம்பின்றி எட்டு ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம்; தமக்காக மட்டுமன்றி மனைவி மக்களுக்காக வாங்கிய கடனுக்கும் அது செல்லும். அங்குள்ள முறையில் குறையில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் பணம் கைவிட்டுப் போகும் காலத்தில் கழிவு வரவேண்டும் என்ற சிறிய அறிவாவது அதில் இருக்கிறது.

"பணக்காரன் முதுகலை படிப்பதற்கு ஏழையின் வரிப்பணமா?" என்று சில முற்போக்கு அன்பர்கள் நம்மை மடக்க வருவார்கள். ஐயா, அதைத்தானே நாமும் சொல்லுகிறோம்! இப்போது நடப்பது அதுதான். நாம் கேட்பது சலுகையின் அளவைக் கூட்டுவதன்று, உருவத்தை மாற்றுவது. வருமானத்திலிருந்து குறைக்கும் சலுகையாக இன்றி, எல்லாருக்கும் ஒரே தொகையான வரித் தள்ளுபடியாக அதை மாற்றட்டும். கட்டிய கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு வரம்பு வரை, கோமானுக்கும் எழுத்தருக்கும் ஒன்றுபோல. அந்த ஆண்டு வரியே இல்லாதவருக்கு அத்தொகை பின்வரும் ஆண்டுகளுக்கு ஏறட்டும். இது முடியாத காரியமா? வாணிபத்தில் நட்டமடைந்தவன் அந்த நட்டத்தைப் பத்து மதிப்பீட்டாண்டுகள் வரை தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வரும் இலாபத்தில் கழிக்கலாம் என்று இதே சட்டம் அனுமதிக்கிறது. கடைக்காரனின் நட்டத்துக்குப் பத்தாண்டு ஆயுள். மாணவனின் கட்டணத்துக்கு டிசம்பர் 31-ஆம் நாளோடு மரணம். அந்த மரணத்தை நிறுத்துங்கள் என்கிறோம். முதற் பட்டத்துக்கும் டிப்ளோமாவுக்கும் துறைப் பாகுபாடு வேண்டாம் என்கிறோம். கட்டணம் கட்டிய கை எதுவோ, அந்தக் கைக்கு, அது அக்காளின் கையானாலும், சலுகை போகட்டும் என்கிறோம். கல்விக் கடனின் தவணையையும் கணக்கில் சேருங்கள் என்கிறோம்.

இன்னொரு கூட்டத்தார் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். "தோட்டத்துப் பிள்ளைக்கு வணிக நிர்வாகம் எதற்கு? ஏதாவது கைத்தொழில் கற்றால் போதாதா?" என்பது இவர்கள் உபதேசம். உபதேசிக்கும் கனவான்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தால் உபதேசத்தின் சாயம் வெளுத்துவிடும். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டுகிறவன் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கவா என்று நகைத்தவர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் வாங்கத்தான் பட்டன. வாங்கிய சொத்தை ஆளவும், வரவு செலவைப் படிக்கவும், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதே வினா. நிர்வாகக் கல்வி முதலாளியின் பிள்ளைக்கு மட்டும் உரியது என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? அப்படி எழுதியிருந்தால் அந்தச் சாத்திரத்தை என்ன செய்ய வேண்டுமென்று இப்பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கல்விக்கூடம் தூரம் என்று சாக்குச் சொல்லவும் இனி இடமில்லை. இந்நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமான மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வணிகத்துறை மலாக்கா வளாகத்திலேயே இருக்கிறது. 2000-இல் தோன்றிய மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்காலில் இருக்கிறது. அசகானிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் போகக்கூடிய தூரம்.

நம்மவர் செய்யும் பிழைகளையும் மறைக்க மாட்டோம். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கவும் மேளத்துக்கு முன்பணம் கொடுக்கவும் கடன் வாங்கத் துணிகிறவர், முதற் பருவக் கட்டணம் என்றதும் கையைப் பிசைகிறார். வரி அலுவலகம் என்றால் போலீஸ் நிலையம் போலப் பயந்து, சலுகை உள்ள இடத்திலும் கேட்காமல் விட்டவர்கள் பலர். அங்கீகாரம் பெற்றதா என்று ஒரு வார்த்தை விசாரியாமல், விளம்பரத்தைக் கண்டு அஞ்சல்வழிப் பட்டம் விற்கும் கடைகளில் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டுப் பட்டமும் செல்லாமல் சலுகையும் கிட்டாமல் நிற்பவர்கள் இன்னும் பலர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இங்கிருந்தபடியே படிப்பவர்களுக்கும் இந்த 7,000 வெள்ளிச் சலுகை இல்லை என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் மாறுகிறவரையில் உள்ளதையாவது விடாமல் பெறுங்கள். கட்டணத்தை அக்காள் தரட்டும். ஆனால் அது தம்பியின் வங்கிக் கணக்கு வழியே தம்பியின் பெயரில் கட்டப்பட்டு, அவன் பெயருக்கே இரசீது வரட்டும். அவன் வரி கட்டுகிறவனாய் இருந்தால் சலுகை அவனுக்காவது கிட்டும். பல பருவக் கட்டணத்தை ஒரே ஆண்டில் கட்டினால் 7,000 வெள்ளிக்கு மேற்பட்டது வீணாகும். ஆகவே கல்லூரி ஒப்பினால் ஆண்டுகளில் பிரித்துக் கட்டுங்கள். இரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். சம்பளக்காரர் படிவம் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 30.